மைக்ரோசர்வீஸ் செயலி திணறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பெங்களூரில் வெளிவட்டச் சாலை, வொயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் ஆன்-கால், அதாவது கோளாறு வந்தால் எந்நேரமும் கவனிக்கும் பொறுப்பு, பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வேலூரிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வந்து வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே இரவுப் பொறுப்பு வந்துவிடுகிறது. சர்வீஸ்களின் நிலவரம் காட்டும் டேஷ்போர்டில் பெட்டி பெட்டியாகச் சிவப்பு. எல்லா அணியும் சேரும் பிரிட்ஜ் காலில் கன்னடம், இந்தி, தெலுங்கு, தமிழ் என்று ஆளுக்கொரு மொழியில் பதற்றம். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லித் தர அந்த நேரத்தில் ஆள் இருப்பதில்லை.

உதாரணத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் முன்பதிவுச் செயலியை வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை மடிவாளாவில் ஊருக்கு பஸ் ஏறும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் சுமை எப்படி ஏறும் என்று தெரியும். கேட்வே (எல்லாக் கோரிக்கையும் முதலில் நுழையும் வாசல்), டிக்கெட் சர்வீஸ், இருக்கை சர்வீஸ், ஆஃபர் சர்வீஸ், பேமெண்ட் சர்வீஸ், எஸ்எம்எஸ் சர்வீஸ். ஒரே செயலியை இப்படித் தனித்தனியாக ஓடி, நெட்வொர்க் வழியே பேசிக்கொள்ளும் சின்ன சர்வீஸ்களாகப் பிரிப்பதுதான் மைக்ரோசர்வீஸ். எல்லாம் குபெர்னெட்டிஸில், அதாவது கண்டெய்னர்களை ஓட்டி மேய்க்கும் அமைப்பில், ஓடுகின்றன. ஒவ்வொரு சர்வீஸுக்கும் பல பிரதிகள் ஓடும். ஒரு பிரதிக்குப் பெயர் பாட், அதற்குள் நிரல் ஓடும் பெட்டி கண்டெய்னர்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கட்டமைப்பில், சிவப்பாகத் தெரியும் சர்வீஸிலேயே கோளாறும் இருப்பது குறைவு. பெரும்பாலும் அது இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவில் இருக்கும். யார் யாருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், பதில் வராவிட்டால் என்ன செய்கிறார்கள், எந்தத் தகவல் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விகளோடு போனால் பாதி தூரம் கடந்த மாதிரி.

கை வைக்கும் முன்

"அண்ணா, பேமெண்ட் சர்வீஸ் சிவப்பா இருக்கு. ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமா?"

"இரு தம்பி. முதல்ல லாகை எடுத்து வை."

இந்த உரையாடல் எல்லா அணியிலும் நடக்கிறது. ரீஸ்டார்ட் சில சமயம் வலியைக் குறைக்கும், ஆனால் ஆதாரத்தையும், அதாவது சர்வீஸ் நடந்ததை எழுதிவைத்த லாகையும், சேர்த்து அழித்துவிடும். குபெர்னெட்டிஸில் செத்துப்போன முந்தைய கண்டெய்னரின் லாகைக் கேட்டு வாங்கலாம். பாட்-ஐயே நீக்கிவிட்டால் அதுவும் போய்விடும். லாக் வெளியே சேமிக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் நகல் எடுத்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

அடுத்து மூன்று விஷயம். எப்போதிலிருந்து? எல்லாருக்குமா, சிலருக்கு மட்டுமா? அதற்குச் சற்று முன் என்ன மாறியது? மாற்றம் என்றால் டெப்லாய், அதாவது புதிய நிரலை ஏற்றுவது, மட்டும் அல்ல. கான்ஃபிக் (அமைப்பு மதிப்புகள்), பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி, ஒரு ஆஃபர் அறிவிப்பு, தீபாவளி முன்பதிவு திறப்பு எல்லாமே மாற்றம்தான்.

கையில் டிரேஸ் எண் இருந்தால் வேலை சுலபம். ஒரு கோரிக்கை கேட்வேயில் நுழையும்போது கிடைக்கும் எண்ணை எல்லா சர்வீஸும் அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். 2019-இல் ஓபன்டிரேசிங், ஓபன்சென்சஸ் என்ற இரண்டு கண்காணிப்புத் திட்டங்கள் இணைந்து ஓபன்டெலிமெட்ரி உருவானதிலிருந்து இதற்குப் பொது வழி இருக்கிறது. க்யூ (ஒரு சர்வீஸ் இன்னொன்றுக்காகச் செய்தியைப் போட்டுவைக்கும் வரிசை) வழியாகப் போகும் செய்திகளில் மட்டும் இந்த எண் அறுந்துபோகிறதா என்று தனியாகச் சரிபாருங்கள். பல இடங்களில் அங்கேதான் அறுந்திருக்கும்.

அறிகுறி: எல்லாம் மெதுவாக இருக்கிறது, ஆனால் எந்த சர்வீஸிலும் சிபியூ ஏறவில்லை

சிபியூ சும்மா இருக்கிறது என்றால் சர்வீஸ் வேலை செய்யவில்லை, காத்திருக்கிறது. யாருக்காக என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் டேட்டாபேஸ் கனெக்‌ஷனைப் பாருங்கள். ஜாவா உலகில் பரவலாக உள்ள ஹிகாரி பூல், அதாவது டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் நூலகம், இயல்பாக ஒரு பாட்-க்கு 10 கனெக்‌ஷன் வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக அனுமதிப்பது 100. அதிலும் 3 நிர்வாகிக்காக ஒதுக்கப்பட்டவை. வெள்ளி மாலை சுமை ஏறி, சுமைக்கேற்ப எண்ணிக்கையை மாற்றும் ஆட்டோஸ்கேலர் பாட்-களை 6-இலிருந்து 30 ஆக்கினால் அவை 300 கனெக்‌ஷன் கேட்கும். பாட் கூடக் கூட நிலைமை மோசமாகிறது என்றால் இதுதான் முதல் சந்தேகம். பாட்-களைக் குறைத்துப் பார்த்தால் வேகம் கூடுவதையும் காணலாம். நிலையான தீர்வு இரண்டு: ஆட்டோஸ்கேலரின் உச்ச வரம்பை டேட்டாபேஸின் கொள்ளளவோடு சேர்த்துக் கணக்கிடுவது, சில இணைப்புகளைப் பலருக்குப் பங்கிடும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை நடுவில் வைப்பது. டேட்டாபேஸின் வரம்பை 1000 என்று ஏற்றிவிடுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி பிராசஸ். நினைவகம் தின்றுவிடும்.

கனெக்‌ஷன் போதுமானதாக இருந்தால், இந்த சர்வீஸ் கூப்பிடும் அடுத்த சர்வீஸைப் பாருங்கள். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த எளிய விதி ஒன்று இருக்கிறது. ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, ஒரு நொடிக்கு வருபவை பெருக்கல் ஒவ்வொன்றும் எடுக்கும் நேரம். நொடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றும் 50 மில்லிநொடி என்றால் உள்ளே 10 பேர்தான். டிக்கெட் சர்வீஸ் கூப்பிடும் ஆஃபர் சர்வீஸ் சோம்பி, ஒவ்வொன்றும் 5 நொடி ஆனால் 1000 பேர். ஜாவா சர்வீஸ்கள் ஓடும் டாம்கேட்டில் இயல்பாக 200 திரெட்தான், அதாவது ஒரே சமயம் 200 கோரிக்கைகளைத்தான் கவனிக்கும். ஒரு நொடியில் நிரம்பிவிடும். அதன்பின் ஆஃபருக்குச் சம்பந்தமே இல்லாத கோரிக்கையும் வாசலில் நிற்கும். டேஷ்போர்டு டிக்கெட் சர்வீஸைச் சிவப்பாகக் காட்டும். குற்றவாளி ஆஃபர் சர்வீஸ்.

இங்கே பார்க்க வேண்டியது டைம்அவுட், அதாவது எவ்வளவு நேரம் காத்திருந்து கைவிடுவது என்ற வரம்பு. எழுதியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நீங்களாகக் கொடுக்காவிட்டால் டைம்அவுட்டே கிடையாது, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். ஹிகாரியில் கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 30 நொடி. பயணி அதற்குள் செயலியை மூடிவிட்டு மறுபடி திறந்திருப்பார், ஒரு கோரிக்கை இரண்டாகியிருக்கும்.

இன்னொன்று. சராசரி நேரம் நன்றாக இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். நூற்றில் ஒருவர் படும் பாட்டைக் காட்டும் 99-ஆம் சதமானத்தைப் பாருங்கள். அதில் மட்டும் ஏறக்குறைய 100 மில்லிநொடிப் படிகளாகத் தாமதம் தெரிந்தால் பாட்-க்குக் கொடுத்த உச்ச வரம்பான சிபியூ லிமிட்டைச் சந்தேகப்படுங்கள். லினக்ஸ் அதை 100 மில்லிநொடித் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கு வைக்கிறது. அரை கோர் லிமிட் கொடுத்து நாலு திரெட் ஒரே சமயம் ஓடினால் 12.5 மில்லிநொடியில் ஒதுக்கீடு தீர்ந்து, மீதி 87.5 மில்லிநொடி சும்மா நிற்க வேண்டும். சராசரி சிபியூ வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. இப்படி நிறுத்திவைக்கப்பட்டதைக் காட்டும் திராட்டில் அளவீட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஒரு சின்ன சர்வீஸ் தடுமாறியது, பத்து நிமிடத்தில் எல்லாம் விழுந்தது

இதுதான் மிக ஆபத்தானது. பெரும்பாலும் காரணம் ரீட்ரை.

பயணியின் செயலி தோற்றால் மூன்று முறை முயல்கிறது. கேட்வே மூன்று முறை. டிக்கெட் சர்வீஸ் இருக்கை சர்வீஸை மூன்று முறை. ஒவ்வொரு அணியும் தன் பங்குக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் ஒரு பயணி ஒரு முறை பொத்தானை அழுத்தினால் இருக்கை சர்வீஸுக்குப் போவது 27 கோரிக்கை. ஏற்கெனவே மூச்சுத் திணறும் சர்வீஸின் தலையில் 27 மடங்கு சுமை. மூலக் காரணம் நீங்கிய பின்னும் அது எழுந்திருக்க முடியாமல் கிடப்பது இதனால்தான்.

உறுதிசெய்வது எளிது. கேட்வேக்கு வரும் கோரிக்கை எண்ணிக்கையையும் இருக்கை சர்வீஸுக்கு வருவதையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். கேட்வேயில் ஏறுவதைவிட இருக்கை சர்வீஸில் பல மடங்கு எகிறினால் ரீட்ரை புயல்.

உடனடி மருந்து: வாசலிலேயே திருப்பி அனுப்புவது. கேட்வேயில் ஒரு பகுதிக் கோரிக்கைகளுக்கு 429 (கோரிக்கை அதிகம்) அல்லது 503 (சேவை இப்போது இல்லை) என்ற பதிலைக் கொடுங்கள். எல்லாரையும் காக்கவைத்து ஒருவருக்கும் டிக்கெட் தராமல் இருப்பதைவிட, பாதிப் பேருக்காவது முழுசாகச் சேவை செய்வது மேல். மேலாளர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். அமைதியான நாளிலேயே பேசி ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

வடிவமைப்பில் மாற்ற வேண்டியது சில உண்டு. ரீட்ரை ஒரே ஒரு அடுக்கில்தான் இருக்க வேண்டும். முயற்சிகளுக்கு நடுவில் இடைவெளி இரட்டிப்பாக வேண்டும், அதில் கொஞ்சம் தற்செயல் கலக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாரும் சரியாக ஒரே நொடியில் திரும்பி வருவார்கள். உள்ளே போகப் போக டைம்அவுட் சிறியதாக வேண்டும். கேட்வே 3 நொடியில் கைவிட்டபின் உள்ளே இருக்கும் சர்வீஸ் 10 நொடி உழைத்துக்கொண்டிருந்தால் அந்த உழைப்பு யாருக்கும் இல்லை. தொடர்ந்து தோற்கும் சர்வீஸைச் சிறிது நேரம் கூப்பிடாமலே இருக்க சர்க்யூட் பிரேக்கர் வையுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி, இந்த சர்வீஸ் இல்லாமல் டிக்கெட் கொடுக்க முடியுமா என்பது. ஆஃபர் சர்வீஸ் விழுந்தால் தள்ளுபடி இல்லாமல் டிக்கெட் விற்கலாம். இருக்கை சர்வீஸ் விழுந்தால் முடியாது. இந்தப் பிரிவினையைத் தொழில் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் நம்பகமான 10 சர்வீஸ்கள் கட்டாயச் சங்கிலியாக நின்றால் மொத்தம் 99 சதவீதம்தான் தேறும். மாதத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் இருட்டு. சங்கிலியைச் சுருக்குவதுதான் உண்மையான வழி.

அறிகுறி: பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை

இதை வெறும் கோளாறாகப் பார்க்காதீர்கள். மடிவாளாவில் பையோடு நிற்கும் ஒருவரின் அன்றைய இரவு அது.

வழக்கமான கதை இப்படி. டிக்கெட் சர்வீஸ் பேமெண்டைக் கூப்பிட்டது. பணம் எடுக்கப்பட்டது. பதில் வரும் வழியில் டைம்அவுட். டிக்கெட் சர்வீஸ் அதைத் தோல்வி என்று குறித்துக்கொண்டு இருக்கையை விடுவித்தது. இங்கே பிழை ஒரே இடத்தில்: டைம்அவுட் என்பது தோல்வி அல்ல, தெரியாது என்ற நிலை. உங்கள் பேமெண்ட் அட்டவணையில் வெற்றி, தோல்வி என்று இரண்டே நிலை இருந்தால் இந்தக் கோளாறு கட்டாயம் வரும். மூன்றாவதாக 'தெரியவில்லை' என்ற நிலை வேண்டும். அந்த நிலையில் இருப்பவற்றை எடுத்து, பேமெண்ட் நிறுவனத்திடம் நிலவரம் கேட்டு முடிவுகட்டும் ஒரு வேலை சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓட வேண்டும்.

இப்போதைக்குப் பயணிகளைக் காப்பாற்ற, டிரேஸ் எண் வைத்து மூன்று பட்டியலை ஒப்பிடுங்கள்: பேமெண்ட் நிறுவனத்தின் வெற்றிப் பட்டியல், உங்கள் பேமெண்ட் அட்டவணை, டிக்கெட் அட்டவணை. முதலில் இருந்து மூன்றாவதில் இல்லாதவர்கள்தான் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள். யுபிஐ பணம் கழிக்கப்பட்டு வணிகருக்கு உறுதி வராவிட்டால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. ஆனால் பணம் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்து, டிக்கெட்டை நீங்கள் கொடுக்காமல் விட்டிருந்தால் அதைத் திருப்ப வேண்டியவர் நீங்கள்தான்.

இரண்டு முறை பணம் போனது என்ற புகாரும் இதே குடும்பம். பயணி பொத்தானை அழுத்தும் கணத்தில் செயலியே ஒரு தனி எண்ணை உருவாக்க வேண்டும். எத்தனை முறை ரீட்ரை ஆனாலும் அதே எண். பேமெண்ட் அட்டவணையில் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இருமுறை பதிவாகாத தடை. முதலில் 'இருக்கிறதா' என்று தேடி, இல்லையென்றால் எழுதும் நிரல் போதாது. இரண்டு பாட் ஒரே கணத்தில் தேடினால் இரண்டுக்கும் இல்லை என்றே பதில் வரும். டேட்டாபேஸே தடுக்க வேண்டும்.

பணம் வெற்றி, டிக்கெட்டும் பதிவு, ஆனால் எஸ்எம்எஸ் மட்டும் போகவில்லை என்றால், டேட்டாபேஸில் எழுதிவிட்டுக் க்யூவில் போடுவதற்குள் பாட் செத்திருக்கலாம். இரண்டு இடத்தில் எழுதுவதை எளிதில் ஒரே செயலாக்க முடியாது. அதனால் டிக்கெட்டையும் 'இந்தச் செய்தியை அனுப்பு' என்ற வரியையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் ஒரே டேட்டாபேஸில் எழுதுங்கள், இரண்டும் சேர்ந்து பதிவாகும் அல்லது இரண்டுமே பதிவாகாது. வேறொரு வேலை அந்த வரிகளை எடுத்துக் க்யூவில் சேர்க்கட்டும். அவுட்பாக்ஸ் என்று சொல்வது இதைத்தான்.

இருக்கை, பணம், டிக்கெட் என்று மூன்று சர்வீஸ்களில் பரவிய செயலுக்கு ஒவ்வொரு படிக்கும் அதைத் திருப்பும் ஒரு மாற்றுப்படி எழுதியிருக்க வேண்டும். இந்த யோசனை 1987-இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதிய கட்டுரையிலேயே சாகா என்ற பெயரில் இருக்கிறது. எல்லாரும் மறப்பது ஒரு இடம். இருக்கையை 10 நிமிடம் பிடித்து வைக்கிறோம், பணம் 11-ஆம் நிமிடம் வருகிறது. இருக்கை இன்னும் காலியா என்று பார்த்துக் கொடுப்பதா, பணத்தைத் திருப்புவதா? இதை இரவு ஆன்-கால் ஆள் முடிவெடுக்கக் கூடாது. நிரலில் எழுதியிருக்க வேண்டும்.

அறிகுறி: பாட் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது

பாட் விவரம் காட்டும் டிஸ்கிரைப் கட்டளையில், கண்டெய்னர் எந்த எண்ணோடு வெளியேறியது என்று பாருங்கள். 137 என்றால் வெளியிலிருந்து கொல்லப்பட்டது, 128-உடன் கொல்லும் சிக்னலின் எண்ணான 9 சேர்ந்தது. பக்கத்திலேயே நினைவகம் தீர்ந்ததாகக் குறிப்பு இருந்தால் லிமிட் குறைவு அல்லது கசிவு. வரைபடம் ரம்பம் போல மெல்ல ஏறி வெட்டென்று விழுந்தால் கசிவு, துவங்கியதுமே செத்தால் லிமிட். அந்தக் குறிப்பு இல்லாத 137 என்றால் உயிரோடு இருக்கிறதா என்று குபெர்னெட்டிஸ் கேட்கும் லைவ்னஸ் சோதனையைப் பாருங்கள். இயல்பு அமைப்பில் 10 நொடிக்கு ஒருமுறை கேட்டு, 1 நொடிக்குள் பதில் வராமல் மூன்று முறை தவறினால் போதும், கதை முடிந்தது. கண்டெய்னரை நிறுத்தச் சொல்லி, கேட்காவிட்டால் கொன்றுவிடும்.

லைவ்னஸ் சோதனைக்குள் டேட்டாபேஸைத் தொடாதீர்கள். டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானால் எல்லாப் பாட்-களும் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகி, எழுந்ததும் ஒன்றாகக் கனெக்‌ஷன் கேட்டு, அதை ஒரேயடியாகச் சாய்த்துவிடும். அந்தச் சோதனை தேவையென்றால் கோரிக்கை வாங்கத் தயாரா என்று மட்டும் பார்க்கும் ரெடினஸில் வையுங்கள், அதையும் யோசித்து.

அறிகுறி: அங்கொன்றும் இங்கொன்றுமாக 502

பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பதே 502. டெப்லாய் நேரத்தில் மட்டும் வந்தால் பாட் மூடும் முறைதான் காரணம். நிறுத்தச் சொல்லும் சிக்னலும், போக்குவரத்துப் பட்டியலிலிருந்து நீக்குவதும் ஒரே சமயம் தொடங்குகின்றன. எது முந்தும் என்று சொல்ல முடியாது. மூடுவதற்கு முன் சில நொடி காத்திருக்கும் பிரீஸ்டாப் போடுங்கள். இயல்பாகக் கிடைக்கும் அவகாசம் மொத்தம் 30 நொடி. ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகச் செயலியைத் துவக்கியிருந்தால் அந்தச் சிக்னல் செயலிக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம்.

எல்லா நேரமும் சொட்டுச் சொட்டாக வந்தால் கீப்-அலைவ், அதாவது திறந்த இணைப்பை எவ்வளவு நேரம் மூடாமல் வைப்பது என்ற கணக்கு. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சர் இயல்பாக, சும்மா இருக்கும் கனெக்‌ஷனை 60 நொடி வைத்திருக்கும். நோட்.ஜேஎஸ்ஸின் பல பதிப்புகளில் சர்வர் 5 நொடியில் மூடிவிடும். மூடிய கதவில் கோரிக்கை வந்து மோதினால் 502. சர்வரின் நேரம் லோட் பேலன்சரைவிடக் கூடுதலாக, 65 நொடி போல இருக்கட்டும்.

அறிகுறி: பாட் பத்து இருக்கிறது, உழைப்பது இரண்டு

சர்வீஸ்கள் ஒன்றையொன்று அழைக்கும் ஜிஆர்பிசி முறையில் பேசுகின்றனவா? அது ஒரு கனெக்‌ஷனைத் திறந்து அதிலேயே எல்லாவற்றையும் அனுப்பும். குபெர்னெட்டிஸில் சர்வீஸ் என்ற பெயரிலேயே இருக்கும் பங்கீட்டு அமைப்பு பங்கிடுவது கனெக்‌ஷனைத்தான், கோரிக்கையை அல்ல. புதிதாக வந்த பாட்-க்கு வேலையே வராது. அழைப்பவர் பக்கம் லோட் பேலன்சிங் வையுங்கள், அல்லது கனெக்‌ஷனுக்கு ஆயுள் வரம்பு கொடுங்கள்.

அறிகுறி: ஒரே எஸ்எம்எஸ் பலமுறை போகிறது, க்யூவும் தேங்குகிறது

க்யூவாகக் காஃப்கா இருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செய்தியை எடுத்து வேலை செய்யும் கன்ஸ்யூமர் இயல்பாக ஒரு தடவைக்கு 500 செய்தி வரை எடுக்கும். அடுத்த தடவை வர 5 நிமிடம் அவகாசம். எஸ்எம்எஸ் நிறுவனம் மெதுவாகி ஒரு செய்திக்கு 1 நொடி ஆனால் 500 நொடி தேவை, இருப்பதோ 300. காஃப்கா அந்தக் கன்ஸ்யூமர் செத்ததாக எண்ணி அதே செய்திகளை இன்னொருவருக்குக் கொடுக்கும். அவரும் முடிக்க மாட்டார். எடுக்கும் எண்ணிக்கையை 50 ஆகக் குறையுங்கள். ஏற்கெனவே அனுப்பிய டிக்கெட் எண்ணைக் குறித்துவைத்து இரண்டாவதைத் தவிர்ப்பதும் வேண்டும். க்யூவைப் பிரித்திருக்கும் பார்ட்டிஷன்களின் எண்ணிக்கைக்கு மேல் கன்ஸ்யூமர் சேர்த்துப் பயனில்லை.

அறிகுறி: தினக் கணக்கு காலை 5.30-க்கு மாறுகிறது

சர்வர் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நம் நள்ளிரவு அதற்கு முந்தைய நாள் 18:30. சேமிப்பது யுடிசியிலேயே இருக்கட்டும், நாளைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் இந்திய நேரத்தைச் சொல்லுங்கள். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் குபெர்னெட்டிஸ் கிரான்ஜாபில் 1.27 பதிப்பிலிருந்து நேர மண்டலத்தை நிலையான அம்சமாகவே குறிப்பிடலாம்.

அறிகுறி: ஒன்றை மாற்றினால் நாலைச் சேர்த்து டெப்லாய் செய்ய வேண்டியிருக்கிறது

இதற்கு இரவில் மணி அடிக்காது. ஆனால் மேலே சொன்ன பலவற்றுக்கும் வேர் இங்கேதான். டிக்கெட், இருக்கை இரண்டும் ஒரே அட்டவணையில் எழுதுகின்றனவா? ஒரு பயணியின் கோரிக்கைக்கு இரண்டும் பத்து முறை பேசிக்கொள்கின்றனவா? அப்படியென்றால் அவை இரண்டு சர்வீஸ் அல்ல, நடுவில் நெட்வொர்க்கைப் போட்டுப் பிரித்த ஒரே சர்வீஸ். நிறுவனத்தின் பேச்சுவழிகள் எப்படியோ அப்படியே அதன் அமைப்பும் உருவாகும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். அணிகளைப் பிரித்த கோட்டிலேயே சர்வீஸ்களும் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு தொழிலுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.

சேர்ப்பதில் வெட்கம் வேண்டாம். அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு அணி, ஒளி-ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் தன் அமைப்பைச் சிதறிய பாகங்களிலிருந்து ஒரே செயலியாக மாற்றிச் செலவை 90 சதவீதம் குறைத்ததாக 2023-இல் எழுதியது. எல்லாருக்கும் அது பொருந்தும் என்று சொல்லவில்லை. பிரித்தது தவறான கோடு என்றால் அதை அழிக்கலாம் என்பதே விஷயம்.

சேர்க்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் அந்த அட்டவணைக்கு எழுதும் உரிமையை ஒரே சர்வீஸுக்குக் கொடுங்கள், மற்றது அதனிடம் கேட்கட்டும். பிறகு நிரலை நகர்த்துங்கள். பழைய முகவரி அப்படியே இருந்து புதியதற்கு அனுப்பிக்கொண்டிருக்கட்டும். அழைப்பவர் யார் யார் என்று லாகில் எண்ணுங்கள். மாத இறுதிக் கணக்கு வேலை ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும், அதனால் ஒரு மாதம் முழுசாகப் பாருங்கள். அழைப்பு பூஜ்யம் ஆனபின் பழையதை நீக்குங்கள். அதையும் வெள்ளிக்கிழமை செய்யாதீர்கள், செவ்வாய்க்கிழமை காலையில் செய்யுங்கள்.